கடைசியில் நின்ற நாலு

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டுக்கு உடுப்பிட்டியில் எங்கள் சனசமூக நிலையத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல் எல்லாம் வழமைபோல. புதிதாக ஒன்றும் இருந்தது: யாரோ அலுமாரிக்கு மேலிருந்து தேடி எடுத்த பழைய வீடியோ கேம் பெட்டி. அதை டிவியில் கொழுவி விண்கலங்களைச் சுட வேண்டும். ஆளுக்கு ஒரு தடவைதான், கூடிய புள்ளிக்குக் கோப்பை. உயர்தர வகுப்புக்குக் கணினி படிப்பிக்கிறவள் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். எனக்கும் அன்று கொஞ்சம் தலைக்கனம்தான்.

கடைசியாக ஆடியவர் எங்கள் சந்தியில் ஓட்டோ ஓடுகிற அண்ணை. அவர் பாதி ஆடும்போதே வெளியே கயிறிழுப்புத் தொடங்கிவிட்டது. சனம் அங்கே ஓடியது, நானும் ஓடினேன். நடுவர் செய்கிற வேலையா அது? திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து, திரையில் 02314 என்று நின்றது. கரும்பலகையில் முதலிடம் 58,420.

தான் அறுபத்தையாயிரத்தைத் தாண்டிவிட்டதாக அண்ணை சொன்னார். நான் சிரித்தேன். இடையில் றீசெற் பட்டனை அமத்தி முதலிலிருந்து ஆடியிருக்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியும் விட்டேன். அவருடைய மனைவி சனத்துக்கு நடுவில் முகம் கறுத்துப்போய் நின்றா.

"ரீச்சர், அந்தப் பட்டனிலை நான் கை வைக்கேல்லை. என்ரை ஓட்டோ மீற்றர் மாதிரி இதுவும் நிரம்பிச் சுத்தீட்டுது," என்றார் அண்ணை.

ஓட்டோவில் ஓடிய தூரம் காட்டும் மீற்றர் 99,999 வந்ததும் மறுபடி பூச்சியத்துக்குப் போகுமாம். அப்படியென்றால் இதுவும் 99,999இல் அல்லவா சுற்ற வேண்டும், அறுபத்தையாயிரத்தில் ஏன் சுற்றுகிறது என்று அவரை மடக்கினேன்.

வெண்கட்டியை எடுத்து அவருடைய பெயரை வெட்டப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பலகையில் இருந்த எல்லாப் புள்ளிகளும் பூச்சியத்தில் முடிந்தன. அந்த விளையாட்டில் பத்து, ஐம்பது, நூறு என்றுதான் புள்ளி விழும். அண்ணையின் புள்ளி மட்டும் நாலில் முடிந்தது. றீசெற் பண்ணி ஆடினாலும் பூச்சியத்தில்தானே முடிய வேண்டும், அந்த நாலு எங்கிருந்து வந்தது?

வருடாவருடம் நானே படிப்பிக்கிற பாடம்! இப்படிப் பழைய பெட்டிகள் ஒரு எண்ணுக்கு ஒதுக்கும் பதினாறு பிட்டுக்குள், அதாவது பதினாறு இரும இலக்கங்களுக்குள், 65,535 வரைக்கும்தான் எண்ணலாம், அடுத்தது பூச்சியம். 65,530இல் நிற்கும்போது பத்துக் கூடினால் நாலு வரும். 2,314உடன் 65,536ஐக் கூட்டினேன். 67,850! கடைசியில் அந்தப் பூச்சியம் வந்து நின்றது. அண்ணைதான் வென்றிருக்கிறார் என்று கத்தியே விட்டேன்.

58,420 எடுத்தவரின் ஆட்கள் விடவில்லை. ரீச்சர் நேரத்துக்கு ஒரு கதை கதைக்கிறா என்றார்கள். சரி, எல்லாருக்கும் முன்னால் அண்ணை இன்னொரு தடவை ஆடட்டும் என்றேன். கயிறிழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்தார்கள். றீசெற் பட்டனை நானே கையால் பொத்திக்கொண்டேன். அவர் ஆட ஆட நான் புள்ளியை உரக்க வாசித்தேன். 65,510... 65,520... 65,530. இன்னொரு விண்கலம் வெடித்தது.

00004.

நிலையமே அதிர்ந்தது. முதலில் கைதட்டியது அவருடைய மனைவி. இருவரிடமும் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ரீச்சர், இனி ஓட்டோவிலை ஏறேக்கை மீற்றரையும் ஒருக்கா பாருங்கோ," என்று அண்ணை சிரித்தார்.

இப்போதும் அந்தப் பாடம் வரும்போது 'சுத்தீட்டுது' என்ற அவருடைய சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன். யாராவது எனக்குப் பிடிபடாத சொல்லில் தன் நியாயத்தைச் சொன்னால், சிரிப்பதற்கு முன் அந்த நாலை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.