மூடின ஷாப்டு

எனக்குக் காது குத்தின இடத்தைக் காட்டச் சொன்னால் இன்று தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் யாராலும் காட்ட முடியாது. தங்கத்தைப் பிரித்த பின் மிஞ்சும் சயனைடு மண்ணைக் கொட்டிக் கொட்டி அதன்மேல் ஒரு மலையே எழுப்பிவிட்டார்கள். என் சின்ன வயதில் அங்கே கூரையில்லாத இன்ஜின் கொட்டகை ஒன்றும், செங்கல் புகைபோக்கி ஒன்றும், வாயில் கனத்த பலகை அடித்த ஷாப்டு ஒன்றும் இருந்தன. பூமிக்குள் ஆள் இறங்கும் குழியைத்தான் நாங்கள் ஷாப்டு என்போம். அதைத் தோண்டின கம்பெனி கைமுதல் கரைந்து ஊரைவிட்டே போய்விட்டது. பாய்லர், சக்கரம், கதவு, ஜன்னல் என்று சகலத்தையும் கழற்றிக்கொண்டு போனவர்கள், கீறல் விழுந்த மணி ஒன்றை மட்டும் சுவரோடு விட்டுவிட்டார்கள். விலை போகாது என்று நினைத்திருப்பார்கள், புண்ணியவான்கள்.

முள் மண்டிய அந்தப் பக்கம், சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் விறகுக்குக்கூடப் போக மாட்டார்கள். பேய் இருக்கிறதாம். எனக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை; கவலையெல்லாம் என் காதைப் பற்றித்தான். பால்பல் விழுந்து முளைத்த பிறகும் எனக்குக் காது குத்தவில்லை. மற்றப் பெண்களெல்லாம் வேப்பங்குச்சியும் பித்தளைக் கம்மலுமாகத் தலையை ஆட்டிக்கொண்டு திரிய, நான் மட்டும் மூளிக் காதோடு அவர்கள் வாயில் விழுந்துகொண்டிருந்தேன்.

காரணம் மாமா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கிருந்தது ஒரே மாமா, அம்மாவின் அண்ணன். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் குடும்பத்தை இந்த ஊருக்கு அழைத்துவந்தவரே அவர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் மெட்ராசுக்குப் போய்க் கப்பலேறிவிட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்காக அம்மா ஒரு புது வேட்டி வாங்கித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் அதை எடுத்து வெயில் காட்டி மறுபடி மடித்து வைப்பாள்.

“ஊர்ல ஒண்ணுவிட்ட அண்ணன் கீறாரே, அவர இட்டாந்து குத்திடலாம்” என்பார் அப்பா.

“கூடப் பொறந்தவன் வர்றதுக்குள்ள இன்னா அவசரம்?” என்பாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும். என் காது அப்படியே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் கறுப்பு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எங்களோடு இருந்த சித்தப்பாவும் நானும் தேடப் புறப்பட்டோம். சித்தப்பா வாய்ச்சொல்லில் வீரர். வழியெல்லாம், பேயைப் பிடித்து ஆட்டுக்குப் பதிலாகக் கட்டி வைப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூடின ஷாப்டை நெருங்கும்போது அந்தக் கீறல் மணி அடிக்கத் தொடங்கியது.

ஷாப்டு மணிக்குத் தனி பாஷை உண்டு. ஆட்கள் ஏறும் கூண்டை மேலே இழுக்க ஒரு கணக்கு, கீழே விட ஒரு கணக்கு. விடாமல் அடித்தால் உள்ளே ஆபத்து என்று அர்த்தம். லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். மணி விடாமல் அடித்தது.

சித்தப்பா வந்த வழியே திரும்பிவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்து, “ஓடியாடி, உள்ள கீறவங்க கூப்புடறாங்க” என்றார்.

“உள்ள யாரு கீறாங்க சித்தப்பா?”

அவர் பதில் சொல்வதற்குள் எனக்கு ஆடு தெரிந்தது. மணியிலிருந்து ஷாப்டுக்குப் போன கம்பியைப் பலகை அடித்த அன்று அறுத்துத் தொங்க விட்டிருந்தார்கள். அது ஆட்டின் கொம்பில் சுற்றியிருந்தது. ஆடு தழையை எட்டி எட்டிக் கடிக்க, மணி அடித்துக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்த சித்தப்பா, ஆட்டின் ஏழு தலைமுறையையும் திட்டினார்.

அதற்குள் லைன் பக்கம் ஒரே கூச்சல். பெண்களெல்லாம் போட்டது போட்டபடி, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த ஷாப்டை நோக்கி ஓடினார்கள். அவரவர் புருஷன் இருக்குமிடத்துக்கு அவரவர் ஓடுவது நியாயம்தானே. புருஷன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் நேராக இங்கே ஓடி வந்தாள். முள்ளில் புடவை கிழிந்திருந்தது. காலில் ரத்தம். எங்களையோ ஆட்டையோ அவள் பார்க்கவேயில்லை. பலகைமேல் விழுந்து, மண்ணைக் கையால் தள்ளி, காதை வைத்தாள்.

“அண்ணா, நான்தான். வந்துட்டேண்ணா. கூப்டியா?”

“அண்ணி, ஆடு அண்ணி. ஆடுதான் இழுத்துச்சி” என்றார் சித்தப்பா. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதேயில்லை. அம்மா வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, கொம்பிலிருந்த கம்பியைத் தானே அவிழ்த்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கப்பலேறின மாமாவைப் பலகையில் காதை வைத்துக் கூப்பிடுவானேன்? அந்த ஷாப்டில் தண்ணீர் புகுந்து மாமாவும் இன்னும் சிலரும் மேலே வராமலே போனதும், அவர்களை எடுக்காமலே பலகை அடித்ததும் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டவை. தண்ணீர் புகுந்த அன்று வேலைக்கு இறங்காமல் மாமா மூட்டையோடு ரயிலடிப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று எவனோ ஆறுதலுக்குச் சொல்லிவைத்தானாம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அத்தனை பொங்கலும் வேட்டிக்கு வெயில் காட்டியிருக்கிறாள்.

மணி அடித்த மறுநாள் அவள் அப்பாவிடம், “வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தணும். பத்தர வரச் சொல்லு” என்றாள்.

“மாமன் மடி?”

“கீது.”

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்தரைத் தேடிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டார் எல்லோரும் மூடின ஷாப்டுக்குப் போனோம். காது குத்த வேறு இடமா கிடைக்கவில்லை என்று பத்தர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அம்மா பலகையைக் கழுவி, வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்து, தகரப்பெட்டி வேட்டியை மடித்தபடியே அதன்மேல் போட்டு, என்னை உட்கார வைத்தாள். தங்கம் எடுக்கிற பூமியின்மேல் உட்கார்ந்து எனக்குக் கிடைத்தது வேப்பங்குச்சிதான்.

வலி ஒரு பக்கம், ஏமாற்றம் ஒரு பக்கம். மற்றப் பெண்களுக்கெல்லாம் மாமன்மார் மடியில் வைத்து வாயில் வெல்லம் போட்டார்கள். எனக்கு வேட்டிக்கு அடியில் ஆணி உறுத்தியது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“மாமா மடிடி. அசையாம உக்காரு.”

மாமாவே வராமல் மாமா மடி மட்டும் எங்கேயிருந்து வந்தது என்று, வீடு போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே அவளோடு சண்டை போட்டேன்.