லான் விட்டுக்கொடுக்காத ஒரு பாயிண்ட்

அந்த ஒரு பாயிண்டை லான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? இத்தனை வருடம் யோசித்தும் எனக்குத் தெரியாது.

2009... லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய மண்டபம். ஈரச் சப்பாத்து மணம். மேசையில் பந்து விழும் டொக் டொக் சத்தம். கணிதத்தில் பட்டம் பெற்ற நான் அங்கே ரிசப்ஷனில் இருந்தேன். சாவி கொடுப்பதும் ஹீட்டர் போடுவதும் வேலை.

செவ்வாய்க்கிழமைகளில் ஏர்போர்ட் ஷிப்ட் முடித்த நம்மவர்கள் டேபிள் டென்னிஸ் ஆட வருவார்கள். கூடவே லான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நகப்பூச்சு போடும் நெயில் ஷாப்பில் வேலை செய்த வியட்நாம் பெண். எல்லாரிடமும் மயிரிழையில் தோற்பார்.

"புதுசா வந்தாக்கள் முதல்ல லானோட விளையாடுங்கோ, பயம் போயிடும்" என்பார் கார்கோவில் வேலை செய்த குகன் அண்ணை.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அரைகுறை ஆங்கிலத்தில் லானே சொன்னார். சின்ன வயதில் விளையாட்டுப் பள்ளி விடுதி. இருபதில் நாட்டின் சாம்பியன். அடுத்த இறுதியாட்டத்தில், "இம்முறை நீ தோற்க வேண்டும்" என்றாராம் கோச். வேறொருத்தியை வெளிநாடு அனுப்ப முடிவாகியிருந்தது. தோற்றார்.

பிறகு தோள்பட்டை போயிற்று. லண்டனில் கோச் வேலை என்று கூட்டிவந்த ஏஜென்ட் நெயில் ஷாப்பில் விட்டுப் போனான். விசா இல்லை. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நன்றாக ஆடினால் யார் என்று கேட்பார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றார்.

நவம்பரில் ஒரு செவ்வாய். "லான், டுடே ஆல்சோ லூஸ்?" என்றார் குகன் அண்ணை. அவர் வாராவாரம் கேட்பதுதான். லான் வாராவாரம் சிரிப்பதுதான். அன்று சிரிக்கவில்லை.

குகன் அண்ணையோடு ஆட்டம் தொடங்கியதும் பந்து எங்கள் கண்ணுக்கே பிடிபடவில்லை. பத்துக்குப் பூச்சியம். இன்னும் ஒன்று எடுத்தால் லானுக்கு வெற்றி. அந்த நிலையில் வெல்பவர் வேண்டுமென்றே ஒரு பாயிண்ட் விட்டுக்கொடுப்பது இந்த ஆட்டத்தின் மரியாதை. லான் பேட்டைத் துணியால் துடைத்தார். பிறகு செர்வ் போட்டார்.

பதினொன்றுக்குப் பூச்சியம்.

"மனுசி என்னை உரிச்சுப் போட்டுது" என்று குகன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். யாரோ போனில் எடுத்த வீடியோவை வீட்டுக்குப் போனதும் ஃபேஸ்புக்கில் போட்டார்: 'எங்கட ஸ்டேஷனடி நெயில் ஷாப் லான். ஆளை ஆருக்கும் தெரியுமோ?' விடிவதற்குள் யாரோ முழுப்பெயரையும் பதக்கங்களையும் எழுதிவிட்டார்கள். குகன் அண்ணையே ஒருகாலத்தில் லொறிக்குள் ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தவர். லானின் விசா விஷயம் தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டார்.

ஒரு வீடியோவைப் பார்த்துக் குடிவரவு அதிகாரிகள் மறுநாளே கிளம்பி வரமாட்டார்கள், முன்பே திட்டமிட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். குகன் அண்ணை நம்பவில்லை. அதன்பிறகு பேட்டைத் தொடவும் இல்லை.

இப்போது அந்த மண்டபம் ஜிம். கண்ணாடி முன் நின்று ஆளாளுக்குத் தங்களையே வீடியோ எடுக்கிறார்கள்... அப்போது யார் கண்ணிலும் படாமலிருக்க ஒருவர் அவ்வளவு திறமையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் நடந்ததை நெயில் ஷாப்காரி பிறகு சொன்னாள். காலையில் அதிகாரிகள் இருவர் வந்து லானின் பெயரைக் கேட்டார்கள். அவர் ஒரு வயதான பெண்ணுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நிமிடம்" என்றார். மிச்சமிருந்த விரல்களுக்கும் பூசி, அந்தக் கையைக் காயவைக்கும் விளக்கடியில் வைத்துவிட்டு, மாட்டியிருந்த தன் கோட்டை எடுக்கப் போனார்.