கரண்ட் போக ஒரு ஜெபம்

எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் வந்தது ஆண்டவரைத் தேடி அல்ல. மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் விசைத்தறி ஓடாத வீடு எங்களுடையது ஒன்றுதான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் கணவர் ஊழியத்துக்குக் கிளம்பி, "வாலிபர்களுக்கு நம் வீடு எப்போதும் திறந்திருக்கும்" என்று அறிவித்தார். என்னைக் கேட்கவில்லை. டீ போடுவது நான்.

பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் இந்துக்கள். சத்தமில்லாத இடம் கிடைத்ததென்று புத்தகத்தை விரித்துப் படிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாடகை கொடுப்பது போல ஜெபத்துக்கு உட்காருவார்கள். யார் எதைக் கேட்டாலும் அதற்காக ஜெபிப்பது இவர் வைத்த சட்டம். மாரியம்மன் பண்டிகையில் தேர் இழுக்கும் அன்று மழை வரக்கூடாது என்று ஒருத்தன் கேட்டான். இவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு அதற்கும் ஜெபித்தார். மழை வரவில்லை. அதிலிருந்து தெருவில் இவருக்கு ஒரு பேர்.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை தேறாவிட்டால், வந்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதென்று அவள் அப்பா முடிவு கட்டியிருந்தார். பரீட்சை அடுத்த வாரம். பகல் முழுக்க அவளும் தறி ஓட்ட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அவள் முறை வந்தபோது, "கரண்டு போகோணும்னு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். சட்டம் போட்டது நானா? "உமக்குச் சித்தமானால்" என்று ஒரு வாலைச் சேர்த்து ஜெபித்து முடித்தார்.

திங்கட்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. வேறொன்று வர நாளாகும் என்றார் லைன்மேன். தெருவே அடங்கிவிட்டது. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள், சத்தம் நின்ற பிறகும் கத்திக் கத்தியே பேசினார்கள். அதனால் எல்லாச் செய்தியும் எங்கள் அடுப்படி வரை வந்தது. யாரோ ஒரு வாயாடிப் பயல் ஜெபத்தை வெளியே உளறிவிட்ட செய்தியும் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தெரு முழுக்க எங்கள் கேட்டில் நின்றது.

"ஏனுங்க பாஸ்டர், நீங்கதான் கரண்ட நிறுத்திப்போட்டீங்களா?" என்றார் தெருக்கோடி வீட்டு அம்மா. "வேண்டி நிறுத்துனத வேண்டியே உட்டுருங்க. சோத்துக்கு என்னங்க பண்றது?"

"ஜெபத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். விசுவாசம் இருந்தால் மலையே பெயரும் என்று போன வாரம்தான் பிரசங்கம் செய்த வாய்.

"அப்ப தேருக்கு மழ நின்னது?" என்றார் அந்த அம்மா.

இந்தத் தெரு ஜெபத்தை நம்ப வேண்டுமென்று வருஷக்கணக்காக மன்றாடிய மனுஷன். நம்பிவிட்டது. இனி அடி விழுவதுதான் பாக்கி.

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எழுந்து வெளியே வந்தாள். "பாஸ்டர் மேல தப்பில்லீங்க. நான்தானுங்க கேட்டேன், படிக்கோணும்னு."

கூட்டத்தில் அவள் அப்பாவும் இருந்தார். அவர் கையை ஓங்கினால் குறுக்கே பாய்ந்துவிடுவதென்று கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டேன்.

"என்னைக்குப் பரீச்ச?" என்றார்.

"ஞாயித்துக்கெழமைங்கப்பா."

அவர் என் கணவரிடம் திரும்பி, "ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் நீங்க ஒண்ணுங் கேக்காதீங்க. அதுக்கப்பறம் கரண்டு வரட்டும்" என்றார்.

"அப்ப எங்க பொழப்பு?" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்குந்தான் தறி நிக்குது, போங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

சனிக்கிழமை காலையிலேயே கரண்ட் வந்துவிட்டது. தான் வாயே திறக்கவில்லை என்று இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தெரு முழுக்கத் தறி ஓடியது, எதிர் வீட்டில் தவிர. நூல் கொடுக்கும் முதலாளியின் ஆள் பைக்கில் வந்து இறங்கி, ஏன் ஓடவில்லை என்று அவள் அப்பாவைக் கேட்டார்.

"மோட்டார் எரிஞ்சு போச்சுங்க. நாளைக்கு மத்தியானம் ஆயிருமுங்க."

மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. கரண்ட் வந்த உடனே அந்தத் தறி தானாக ஓடத் தொடங்கியதையும், அவர் விழுந்தடித்து ஓடிப்போய் அதை நிறுத்தியதையும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தவள் நான். ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.