ஆஸ்பத்திரிக் கார் காய்ந்த நாட்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தபோது மருந்து அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. யுத்த காலம். ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்த பிறகு மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களிலோ அந்த வருஷம் மலைக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைப் படுக்கவைத்திருந்தது. எப்படியோ அலைந்து டாக்டரம்மா ஒரு டப்பா கொயினாப் பொடி வாங்கி வைத்திருந்தார். அதை வத்திராயிருப்பில் முகாம் போட்டிருந்த எங்கள் நர்சிடம் சேர்க்கும்படி டிரைவரிடம் கொடுத்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காரை அனுப்பினார். ஆபரேஷன் இருந்ததால் அவர் போக முடியவில்லை.

மறுநாள் காலையில் கார் இரண்டு ஜோடி மாடு இழுக்க வந்து சேர்ந்தது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் படியில் வழிந்தது. சீட்டில் வாழைச்சருகு ஒட்டியிருந்தது. டிரைவர் முழங்கால்வரை சேறோடு நின்றார். நாற்பது வயதிருக்கும், தேவதானத்துக்காரர், அதிகம் பேச மாட்டார்.

"மலையில மழை பேஞ்சிருக்கும்மா. இங்கன ஒரு சொட்டு இல்ல. ஓடையில பாதி தாண்டையில திடீர்னு தண்ணி வந்துட்டு. வண்டி அணைஞ்சு போச்சு."

"டப்பா?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணியோட போயிட்டும்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மதுரையிலிருந்து மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை விட்டால் சீட்டெல்லாம் மக்கிவிடும். நீ கூட நின்று காயவை." அதோடு நிறுத்தியிருந்தால் சரி. உள்ளே போகும்போது என் தோளருகில் குனிந்து, "கண்ணைத் திறந்து வைத்துக்கொள்" என்றார்.

காரை வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளினோம். டிரைவர் கொட்டாங்கச்சியால் தண்ணீரை இறைத்தார். தரைப்பலகைகளைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீர் விட்டுச் சேற்றை அலசினார். "சேறோட காஞ்சா பொறவு எந்தக் காலத்துக்கும் நாத்தம் போவாதும்மா" என்றார். தோல் சீட்டுகளை வெயிலில் வைக்க விடவில்லை. தோல் வெடிக்குமாம். பழைய தலையணை உறைகளை நான் கொண்டுவர, அவர் மணலைச் சட்டியில் வறுத்து அதில் கட்டி, கதவு இடுக்கிலும் சீட்டின் மேலும் வைத்தார். ஆறியதை எடுத்துவிட்டுச் சூடானதை வைப்பது என் வேலை. கரியடுப்பைப் பெட்ரோல் டாங்கிலிருந்து பத்தடி தள்ளியே வைத்திருந்தார். தரையில் உமியைக் கொட்டி, ஈரம் இழுத்ததும் பெருக்கி அள்ளினார்.

வேலை தெரிந்தவர்தான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை பக்குவம் தெரிந்தவர் ஓடையில் இறங்குமுன் தண்ணீரைப் பார்க்கமாட்டாரா?

கதவின் உட்புறம் சேறு ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு சீட்டுக்கு இரண்டு விரல்கடை மேலேதான் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் ஏற்றியே இருந்தன.

"டிரைவரண்ணே, டப்பா எங்க இருந்துச்சு?"

"முன் சீட்டுலதான்."

"கண்ணாடியெல்லாம் ஏத்தி இருக்கே. எப்படிப் போச்சு?"

"நான் எறங்கக் கதவத் தொறக்கலையா? அந்த வழியாத்தான்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் மணற்சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பின் சீட்டுக்குக் கீழே விரித்திருந்த தேங்காய்நார் மிதியடியை உதறியபோது உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று விழுந்தது. பச்சை. எங்கள் ஆஸ்பத்திரியில் வளையல் போட்டவள் யாரும் கிடையாது. நோயாளிகளைக் காரில் ஏற்றக்கூடாது என்பது டாக்டரம்மா போட்ட சட்டம். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம், ஒருவரை ஏற்றினால் ஊரே கைகாட்டும் என்று அவர் பயந்தார். துண்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். டிரைவர் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. டப்பா ஓடையில் போகவில்லை, கைமாறிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதில் யாரோ ஒரு பெண்ணுக்கும் பங்கு என்று கதையை நானே நீட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பஞ்சு வாங்கவேண்டும் என்று பொய் சொல்லி ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே பஜாரில் ஒரு மருந்துக்கடையில் கொயினா ஒளித்து விற்கிறார்கள் என்று வார்டில் பேச்சு உண்டு. நர்ஸ் உடுப்பை மாற்றி, சாதாரணச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உள்ளே யாரிடமோ தெலுங்கில் பேசிவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார்.

"காய்ச்சல் யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு."

"போன வாரம் வந்திருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். இப்ப கொஞ்சம் வந்திருக்கு. எம்புட்டு வேணும்?"

"எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள்."

முந்தாநாள் வியாழக்கிழமை. எங்கள் டப்பா போன அதே நாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஞ்சு வாங்க மறந்து போனேன். திரும்பியதும் நேரே டாக்டரம்மாவிடம் போய், சேற்றுக்கோடு, வளையல், கடைக்காரர் சொன்னது எல்லாம் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டு, "நாளை ஓய்வுநாள். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்புகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தேன். ஓய்வுநாளில் வேலை கூடாது. ஆனால் ஈரம் ஞாயிறு பார்த்தா மக்கவைக்கிறது என்று டாக்டரம்மாவே அனுமதி கொடுத்திருந்தார். தரைப்பலகைகள் காய்ந்து, தட்டினால் சத்தம் கொடுத்தன. முன் சீட்டும் காய்ந்துவிட்டது. பின் சீட்டு மட்டும் கனத்தது. அமுக்கினால் உள்ளே பிசுபிசுவென்று ஈரம்.

"இதப் பிரிச்சுத்தான் காயவைக்கணும்" என்றேன்.

"வேண்டாம்மா. தானாக் காயும்."

"மூணு நாளாக் காயலையே. முன் சீட்டு மாதிரி இதையும் கவுத்துப் போடலாமே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன் சீட்டை இரண்டு நாளும் திருப்பித் திருப்பிப் போட்டவர், பின் சீட்டை ஒருதடவைகூடத் திருப்பவில்லை. முதல் நாள் நான் தலையணை உறை எடுக்க உள்ளே போயிருந்தபோதே அதைத் தானே தூக்கிவந்து மரத்தடியில் ஒரு கட்டிலில் வைத்திருந்தார். அதன் அடியில் இருந்த குழியையும் அவர்தான் அலசியிருந்தார்.

டப்பா இதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பாண்டேஜ் வெட்டும் கத்தரியை எடுத்துவந்தேன்.

"நர்சம்மா, செத்த நேரம் பொறுங்க" என்றார். நான் பொறுக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து, அடியில் தைத்திருந்த சாக்கைக் கிழித்தேன்.

உள்ளே டப்பா இல்லை. நாற்றமடிக்கும் தேங்காய்நார்தான் இருந்தது. அதில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. பூசணம் என்று நினைத்தேன். மூன்றே நாளில் இவ்வளவு பூசணமா? விரலில் தொட்டுப் பார்த்தேன், ஈர மாவாக இருந்தது. என்ன தோன்றியதோ, நாக்கு நுனியில் வைத்தேன்.

கொயினாக் கசப்பு எனக்குத் தெரியாததா? வாய் முழுக்கப் பரவி, தொண்டைவரை இறங்கியது.

டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல்ல ஒரு பொம்பள ரோட்டோரத்துல கெடந்தாம்மா. புருசன் கைகாட்டுனான். வத்திராயிருப்புல அவ அம்மா வீட்டுல விட்டுரணும்னான். எனக்கு மனசு கேக்கல. அவளப் பின்னால படுக்க வச்சேன், அவன் முன்னால ஏறிக்கிட்டான். யாரு எவருன்னு தெரியாது. கொயினான்னு தெரிஞ்சா புடுங்கிட்டு ஓடிருவானோன்னு, அவங்கள ஏத்துறதுக்கு முன்னாலயே டப்பாவப் பின் சீட்டுக்கு அடியில குழியில வச்சு மூடிட்டேன்."

"பொறவு?"

"தண்ணி வந்ததும் அவனும் நானுமா அவளத் தூக்கிக் கரையில சேத்தோம். திரும்பி வந்து சீட்டத் தூக்குனா, மூடி கழண்டு எல்லாம் கஞ்சியாக் கெடக்கு. சீட்டு அடியெல்லாம் வெள்ள. வெறும் டப்பாவ ஓடையில வீசிட்டேன். ஆள ஏத்துனது தெரிஞ்சா வேல போயிரும்னு பயந்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நேத்து ராஜபாளையத்துக்கு எதுக்குப் போனீயன்னு எனக்குத் தெரியும். கண்டக்டர் எங்க ஊர்க்காரன். கடைக்குள்ள போனதப் பாத்துருக்கான்."

ஒரு பிடி நாரை அள்ளிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தபடியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதை அலசி வடிகட்டினால் கொஞ்சமாவது கிடைக்குமா என்று கேட்டேன். "ஓடைச்சேற்றையுமா குடிக்கக் கொடுப்பாய்?" என்றார். இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, ஆளை ஏற்றியதற்குத் திட்டினார், பொய் சொன்னதற்கு அதைவிட அதிகமாகத் திட்டினார், வேலையை எடுக்கவில்லை. முகாமில் அடுத்த கொயினா வரும்வரை நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். அது எத்தனை பேருக்குப் போதவில்லை என்பதை முகாம் நர்ஸ் திரும்பி வந்து சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் பிழைத்தாளா என்று டிரைவருக்கும் தெரியாது. ராஜபாளையத்துக் கடைக்கு வியாழக்கிழமை வந்த சரக்கு எங்கிருந்து வந்தது என்பதும் கடைசிவரை தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே போயிருக்குமோ என்று பல நாள் மருந்து அறை ஆட்களை ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகிற பழக்கமில்லை.

டிரைவர் அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல எங்களோடு இருந்தார். என்னை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கார் வெளியே போகிற ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் என் அறை வாசலில் காரோடு வந்து நிற்பார். நான்கு கதவையும் திறந்து, சீட்டுகளைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்கோங்கம்மா" என்பார். வேண்டாம் அண்ணே என்று எத்தனையோ முறை சொன்னேன். நான் வந்து பார்க்கும்வரை அவர் காரைக் கிளப்பமாட்டார்.