லின்சியிடம் வாய் திறந்தவர்கள்

எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் லின்சி அவர் தலையைப் பார்த்துவிடுவாள். சாயம் எப்போது போட்டது, வீட்டில் போட்டதா கடையில் போட்டதா, வெட்டியவருக்கு அன்று மனசு வேலையில் இருந்ததா இல்லையா, எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் ஊர் மில்ஷாவின் கடைவீதியில் ஒருவன் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். மற்ற கான்ஸ்டபிள்கள் ரேடியோவில் "நடுத்தர உயரம், கறுப்புச் சட்டை" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள், "உச்சியில ரெட்டைச் சுழி. பின்னங்கழுத்துல அவனே மெஷின் போட்டிருக்கான், கோணலா இருக்கு" என்றாள். கோணல் கழுத்து பஸ் நிறுத்தத்தில் அகப்பட்டது.

முடிதிருத்தும் கடையில் இருபது வருஷம் நின்றவள். தலைச்சாயம் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி, டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். நாற்பது வயதில் வேறென்ன செய்வது? பட்டம் படிக்க ஆசை உண்டு, கடன் வாங்கிப் படிக்கத் தெம்பில்லை. சம்பளமும் கொடுத்து, பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி, மூன்று வருஷ முடிவில் பட்டத்தோடு போலீஸ்காரராக்கும் பயிற்சி வேலை ஒன்று இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "ரகசியம்னா என்னன்னே உனக்குத் தெரியாது. உன்னை யாரு போலீஸ்ல எடுப்பா?" என்று கணவன் கிளென் சிரித்தான். எடுத்துக்கொண்டார்கள்.

படிப்பும் அவளை லேசில் விடவில்லை. குற்றத்தின் சமூகக் காரணங்கள் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, "சுவாரஸ்யமாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் எங்கே?" என்று பேராசிரியை கேட்டார். "ஆதாரமா? மூணு பேரு என் நாற்காலியில உக்காந்து சொன்னாங்க" என்றாள் லின்சி. இப்போது சமையலறை மேசையில் நூலகப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்புப் போடுகிறாள். போடும்போது வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ரோந்தில் அவளுக்குப் பயிற்சி கொடுப்பவன் நதீம். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வேலை முடிக்கிறவன். அவள் அவனையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுகிறாள். ஊரில் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான், கைவிலங்கு மாட்டப்படுகிறவர் உட்பட. "சந்தேக நபரைக் கண்ணுன்னு சொல்லாதீங்க லின்சி" என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். "சரி கண்ணு" என்றாள்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் ஒன்று உண்டு. புதிதாக வந்தவர் தப்புச் செய்தால் ஷிப்ட் முழுவதற்கும் கேக் வாங்கி வர வேண்டும். தொப்பியைப் பப்பில் மறந்து வந்ததற்கு ஒரு கேக். கழிப்பறையில் பெல்ட்டைச் சரிசெய்யும்போது ரேடியோவின் அவசரப் பொத்தானை அழுத்தி, நாலு வண்டிகளைச் சைரனோடு வரவழைத்ததற்கு இரண்டு கேக். "நீ வந்ததுலேர்ந்து என் பெல்ட்டுல ரெண்டு ஓட்டை தள்ளிப் போச்சு" என்றார் சார்ஜன்ட், வாயில் கிரீமோடு.

ஆனால் ஒரு தப்புக்கு யாரும் கேக் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்து, சிப்ஸ் கடைக்காரர் லாவ் என்பவரின் கடைக் கண்ணாடியை உடைத்த ஒருவனை அவளும் நதீமும் தெருமுனையில் நிறுத்தினார்கள். சந்தேகம் வந்த கையோடு, 'நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை' என்று தொடங்கும் எச்சரிக்கை வாசகத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் கேள்வி கேட்டுப் பெறுகிற பதில் கோர்ட்டில் நிற்காது. லின்சிக்கு வாசகம் தலைகீழாகத் தெரியும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தவள். ஆனால் அவன் "என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போயிட்டா" என்று தொடங்கியதும் அவள் நடைபாதையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவமே. அப்புறம் என்ன ஆச்சு கண்ணு?" கல்யாணத்தில் ஆரம்பித்துக் கண்ணாடி வரை அத்தனையும் கொட்டிவிட்டான். மறுநாள் அவனுடைய வக்கீல் அந்த வாக்குமூலம் முழுவதையும் ஊதித் தள்ளினார். அவன் கையை வீசிக்கொண்டு வெளியே போனான்.

"அவனே ஒத்துக்கிட்டானாமே, அப்புறம் எப்படிம்மா விட்டீங்க?" என்று லாவ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். லின்சி வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டாள். ஜனங்களைப் பேச வைப்பதுதான் அவளுக்கு இருபது வருஷம் சோறு போட்ட தொழில்.

அடுத்த மாதமும் இதே கதைதான், இந்த முறை ஒரு சைக்கிள் திருடன். சார்ஜன்ட் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "உனக்கிருக்கற திறமை இங்க யாருக்கும் இல்ல லின்சி. ஆனா அதுவே உன்னைக் கவுத்துடும். எச்சரிக்கை சொல்லி சுத்தமா ஒரு கைது செஞ்சு காட்டு. அதுக்கப்புறம்தான் உன்னைத் தனியா ரோந்துக்கு அனுப்ப முடியும். இன்னொரு கேசும் இப்படிக் கெட்டுப்போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல." வேலை போனால் படிப்பும் அதோடு போய்விடும். அவள் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

புதன்கிழமை மத்தியானம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை ஏதோ ஒரு கார் சைக்கிளோடு இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. அவருக்குத் தொடை எலும்பு முறிவு. பார்த்தவர்கள் சொன்ன வண்டி எண் ஜோவான் தார்ன்பர் என்ற பெண்ணிடம் கொண்டுபோய் விட்டது.

"எனக்கு அவளைத் தெரியும்" என்றாள் லின்சி, வண்டியில். "வெள்ளிக்கிழமை தவறாம என்கிட்ட வந்தவ."

"இந்த ஊர்ல உங்களுக்கு யாரைத் தெரியாது? அப்படிப் பாத்தா நீங்க கடல்லதான் ரோந்து போகணும்." நதீம் சார்ஜன்ட்டிடம் ரேடியோவில் கேட்டுவிட்டுத் திரும்பினான். "உங்க இஷ்டம்கறார். நான் வேணா பேசவா?"

"வேண்டாம். நானே பேசறேன்."

வாசலில் நின்ற காரின் முன்விளக்கு நொறுங்கியிருந்தது. ஜோவான் கதவைத் திறந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. லின்சியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. போலீசைப் பார்த்து யாருக்கும் வராத நிம்மதி அது.

"லின்சி! நல்லவேளை, நீ வந்தியே. உள்ள வா, டீ போடறேன். உன்கிட்ட சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். நான் வந்து, அந்த ரோட்டுல…"

'அப்புறம்' என்ற சொல் லின்சியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெறும் கண்ணசைப்புப் போதும், ஜோவான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். லின்சி கையை உயர்த்தினாள்.

"ஜோவான், பேசாதே. முதல்ல நான் சொல்றதக் கேளு. விபத்துல நிக்காம போனதுக்காக உன்னைக் கைது பண்றேன். நீ எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா கோர்ட்டுல நீ உன் பக்கத்துக்கு ஆதாரமாச் சொல்லப்போற விஷயத்த, இப்ப கேள்வி கேக்கும்போது சொல்லாம விட்டா, அது உனக்கே பாதகமாகலாம். நீ சொல்றது எதுவானாலும் சாட்சியமாகலாம்."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. குரல்தான் அவளுடையதாக இல்லை.

ஜோவான் அடி வாங்கியவள் மாதிரி நின்றாள். "என்கிட்டயா சொல்ற இத? எங்கம்மா அடக்கத்தன்னிக்கு எனக்குத் தலைவாரி விட்டவதானே நீ?"

"ஆமா. அதே லின்சிதான். கோட்டை எடுத்துக்கோ, வெளிய குளிருது. ஸ்டேஷனுக்கு வக்கீல் வருவாங்க, காசு கேக்க மாட்டாங்க. அவங்ககிட்டப் பேசிட்டு அப்புறம் பேசு."

ஜோவான் கதவைப் பூட்டும்போது நதீம் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்: "சுத்தமா செஞ்சீங்க. எல்லாம் என் சட்டைக் கேமராவுல இருக்கு. இனி நீங்க ரோந்துக்குத் தனியாப் போகலாம்." எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! லின்சிக்கு அழுகைதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

நதீம் ஓட்டினான். பின்னிருக்கையில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆலைச் சந்து தாண்டியதும் ஜோவானின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"நான் அவரைப் பாத்தேன் லின்சி. பாத்துட்டுத்தான்…"

லின்சி அவள் பக்கம் நகர்ந்து, ஒரு கையால் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையின் விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள். வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.