மீதி வசனம்

ஆட்குறைப்பில் அமலாவின் வேலை போனது. தெம்பனிஸ் அலுவலகத்தில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். "அமலாக்கா சால்ட் ஆஃப் தி எர்த் லா!" என்றார் மேலாளர் ரகுபதி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவருக்கு அது நல்ல மனுஷியைப் பாராட்டும் இங்கிலீஷ். ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசிக்கும் அமலாவுக்கோ அது பாதி வசனம். பூமிக்கு உப்பு என்று சொன்ன கையோடு, ருசி போன உப்பை வெளியே கொட்டி மிதிப்பார்கள் என்றும் அதில் வரும். "மீதியையும் சொல்லுங்க தம்பி" என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கேக்கோடு சேர்த்து விழுங்கினாள்.

ஈசூனில் இருந்த தன் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். முதல் வாயிலேயே தெரிந்தது, உப்பே போடவில்லை. "இதை மனுசன் திம்பானா?" என்று அவளைத் திட்டக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.