பலாப்பழத்துக்கு மூளை வேலை செய்த நாள்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். நான் அப்போது வளைகுடா நாடொன்றில் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன், அதாவது நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்கிற வேலை. லீவில் வந்து தென்காசியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன்.

அக்கா மகளுக்குப் பத்து வயது. வலிப்பு நோய். மாத்திரை தவறாமல் கொடுத்ததால் ரொம்ப நாளாக வலிப்பு வரவில்லை. ஆனால் அத்தானுக்கு அந்த மாத்திரையைக் கண்டாலே ஆகாது. "காலம்பூரா மாத்திர முழுங்குத பிள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பொருமுவார். அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் ஓர் ஆள் வந்து இறங்கினார். தலையில் ஒரு பட்டையைக் கட்டுவார். அதிலிருந்து வயர் ஒரு பெட்டிக்குப் போகும். மூளை அமைதியானால் பெட்டி 'பீப், பீப்' என்று கத்தும். அப்படியே மூளையைப் பழக்கிவிட்டால் வலிப்புக்கு மாத்திரையே வேண்டாமாம்! சுவரில் அமெரிக்கா சர்டிபிகேட் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அத்தான் ஒரே போடாகப் போட்டார்: "ஏட்டி, உன் சர்டிபிகேட்டு செல்லாதுன்னு அங்கன மறுபடியும் பரீட்ச எழுத வச்சாவல்லா? அவரு அமெரிக்காவுலயே வாங்கிருக்காரு. நீ அவரச் சொல்ல வந்துட்ட!"

சுருக்கென்றது. உண்மைதான். மதுரையில் நான் வாங்கிய சான்றிதழை அங்கே ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வருடம் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை பார்க்க வைத்துப் பரீட்சையும் எழுத வைத்தார்கள். என்னோடு படித்த தோழியோ வேறொரு நாட்டில் போன வேகத்தில் வேலையில் சேர்ந்துவிட்டாள். நாட்டுக்கு ஒரு நியாயமா என்று குமுறிக் குமுறி அழுதிருக்கிறேன்.

பிள்ளையை அந்த லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வருவது வரட்டும் என்று நானும் கூடவே போனேன். அறையில் நல்ல கூட்டம். அருவிக் குளியலுக்காக அக்கா பிள்ளையின் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்திருந்தாள். அந்த மனிதர் அதன் மேலேயே பட்டையைக் கட்டினார். பெட்டி உடனே ஜோராகக் கத்தியது. அத்தான் முகத்தில் தீபாவளி.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எங்கள் வேலையில் முதல் பாடமே தலையை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைப்பதுதான். இல்லாவிட்டால் மூளை அலை சரியாகக் கிடைக்காது. அறையில் ஓடுகிற கரண்டின் இரைச்சல்தான் வயரில் ஏறும். பெட்டி கத்துவது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா வாங்கி வந்த பாதிப் பலாப்பழம் பக்கத்திலேயே இருந்தது. "அண்ணாச்சி, இதுக்கும் ஒருக்கா கட்டிப் பாப்பமா?" என்றேன்.

"மிஷின் என்ன விளையாட்டுச் சாமானாம்மா?" என்று அவர் முறைத்தார்.

கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர், கடையம் பக்கத்துக்காரர், விடவில்லை. "கட்டும்வே! பழம் என்ன, கடிச்சா வச்சிரும்?"

பட்டையை வாங்கிச் சுளைகளின் மேல் நானே அழுத்தினேன். பிள்ளைக்குக் கத்தியதைவிட உற்சாகமாகக் கத்தியது பெட்டி!

"அத்தான், பலாப்பழம் நிம்மதியா இருக்கு. மாத்திரைய நிறுத்திரலாமா?"

அறையே வெடித்துச் சிரித்தது. போலீஸ்காரர் மட்டும் சிரிக்காமல், "அமெரிக்காவுல யாருகிட்டவே படிச்சீரு?" என்று கேட்டார். அந்த மனிதர் உண்மையைக் கக்கிவிட்டார். அமெரிக்கா போனதே இல்லையாம். மிஷின் வாங்கினால் சர்டிபிகேட்டும் தபாலில் வருமாம்!

அன்று சாயங்காலம் அத்தானே தன் கையால் பிள்ளைக்கு மாத்திரையைக் கொடுத்தார். "நீ சொன்னா சரிதான்ட்டி" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். எனக்கு உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சில வருடங்களில் டாக்டரே படிப்படியாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

மூளை அலைப் பயிற்சியை முறையாகப் படித்துச் செய்கிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் அவர்களிடம் ஒவ்வொரு தகுதி கேட்கிறது என்கிறார்கள். கேட்கட்டும். நான் அழுதுகொண்டே எழுதிய அந்தப் பரீட்சையை இன்று என் வாழ்க்கையின் பெரிய கௌரவமாக நினைக்கிறேன். ஒரு பிள்ளையின் தலையில் கை வைக்க உனக்கு என்ன தகுதி என்று என்னைக் கேட்க, அங்கே ஆட்கள் இருந்தார்களே!